கரண்டியைச் சாய்த்தால் ஓடக்கூடாது

குழந்தைக்கு என்ன கொடுக்கலாம் என்று கேட்டு வரும் பெண்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: ஆறு மாதம் முடிந்துவிட்டதா? முடியவில்லை என்றால் தாய்ப்பால் மட்டும் போதும். தண்ணீர்கூட வேண்டாம். நாகர்கோவில் வெயிலுக்கும் இதுவே விதி. நாலாம் மாதமே பால் போதவில்லை என்று பக்கத்து வீட்டார் சொல்வார்கள். குழந்தையின் எடை ஏறுகிறது, நாள் முழுக்கச் சிறுநீர் கழிக்கிறது என்றால் பால் போதுகிறது என்று அர்த்தம்.

ஆறு மாதம் முடிந்ததும் தலை நிற்கிறதா, தாங்கிப் பிடித்தால் உட்காருகிறதா, நீங்கள் சாப்பிடும்போது எடுக்கக் கையை நீட்டுகிறதா என்று பாருங்கள். வாயில் வைத்ததை நாக்கு வெளியே தள்ளிக்கொண்டே இருந்தால் இரண்டொரு நாள் பொறுத்து மறுபடி கொடுக்கலாம். எங்கள் பக்கத்தில் கோயிலில் சோறூட்டு வைக்கும் வழக்கம் உண்டு. நல்ல வழக்கம்தான். ஆனால் முகூர்த்தம் தள்ளிப்போகிறது என்று ஏழரை மாதம் வரை வெறும் பாலில் நிறுத்தி வைக்காதீர்கள். பிறக்கும்போது உடம்பில் சேர்த்து வைத்திருந்த இரும்புச் சத்து ஆறாம் மாதவாக்கில் தீர்ந்துவருகிறது. தாய்ப்பாலில் அது மிகக் குறைவு.

இனி முக்கியமான விஷயம். அங்கன்வாடியில் வேலை பார்த்த காலம் முழுக்க நான் சண்டை போட்டது இதற்காகத்தான். பருப்புத் தண்ணீர், கஞ்சித் தண்ணீர், காய் வேகவைத்த தண்ணீர் என்று வடிகட்டி வடிகட்டிக் கொடுக்கிறார்கள். ஏழு கிலோ குழந்தையின் வயிறு ஒரு நேரத்தில் ஏறக்குறைய 200 மில்லிதான் கொள்ளும். அதைத் தண்ணீரால் நிரப்பினால் பால் குடிக்கவும் இடமில்லை, சத்துக்கும் இடமில்லை. பருப்பை அம்மா சாப்பிட, தெளிவைப் பிள்ளை குடிக்கிறது! உணவைக் கரண்டியில் எடுத்துச் சாயுங்கள். சட்டென்று ஓடிவிட்டால் அது தண்ணீர். மெல்ல வழுக்கி விழுந்தால் அதுதான் பதம்.

முதல் வாரத்துக்கு மட்டிப்பழத்தைவிட நல்லது எனக்குத் தெரியாது. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் குமரி மாவட்டப் பழம். வடசேரி சந்தையில் வாங்கும்போது தோலில் கரும்புள்ளி விழுந்து, காம்பு பிடித்துத் தூக்கினால் கழன்றுவிடும் அளவுக்குக் கனிந்ததாகப் பாருங்கள். முள்கரண்டியால் மசித்தால் போதும், மிக்ஸி வேண்டாம். முதல் நாள் இரண்டு மூன்று சிறு கரண்டி கொடுத்தால் தாராளம்.

அடுத்தது கேப்பை. கழுவி, இரவு முழுக்க ஊறவைத்து, வடித்து, ஈரத்துணியில் கட்டித் தொங்கவிடுங்கள். இரண்டாம் நாள் வெள்ளை முளை எட்டிப் பார்க்கும். அதைக் காயவைத்து, கை பொறுக்கும் சூட்டில் லேசாக வாட்டி, அரைத்துச் சலித்து வையுங்கள். மணம் வரட்டும் என்று கருக வறுத்துவிடாதீர்கள். முளைவிடும்போது மாவுச் சத்தை உடைக்கும் நொதி ஒன்று உண்டாகிறது. அதிகச் சூட்டில் அது அழிந்துபோகும். அந்த நொதி இருப்பதால்தான் இந்த மாவில் காய்ச்சிய கஞ்சி பசைபோல் இறுகுவதில்லை. அதே அளவு தண்ணீரில் கூடுதல் மாவு சேர்க்க முடிகிறது. ஒரு மேசைக்கரண்டி மாவைப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கைவிடாமல் கிண்டுங்கள். பச்சை வாசனை போய்ப் பளபளப்பு வரும்போது இறக்கி, அரைக் கரண்டி தேங்காய் எண்ணெய் விடுங்கள்.

பிறகு சோறும் சிறுபயறும். இரண்டு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு பயறு, குழைய வேகவைத்து மசித்தால் ஆயிற்று. பூசணி, கேரட், முருங்கைக்கீரை ஒவ்வொன்றாகச் சேரட்டும். பரிமாறும் முன் இரண்டு துளி எலுமிச்சைச் சாறு விட்டால் பயறிலும் கீரையிலும் உள்ள இரும்பு உடம்பில் நன்றாகச் சேரும்.

முட்டையையும் மீனையும் ஒரு வயதுவரை தள்ளிப்போடும் பழக்கத்தை விடுங்கள். ஏழாம் மாதத்திலேயே நன்றாக வெந்த முட்டையைக் கொஞ்சம் பாலில் மசித்துக் கொடுக்கலாம். மீன் என்றால் முள் குறைந்ததாக வாங்கி, ஆவியில் வேகவைத்து, ஒரு வெள்ளைத் தட்டில் உதிர்த்து, பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே ஒவ்வொரு துணுக்கையும் நசுக்கிப் பாருங்கள். மெல்லிய முள் கண்ணுக்குத் தப்பினாலும் விரலுக்குத் தப்பாது. வாரம் ஒருமுறை கோழி ஈரல் ஒரு துண்டு போதும். நிலக்கடலையை நன்றாக அரைத்து, கஞ்சியில் கலந்து, சிறிதளவில் தொடங்குங்கள். இளம் வயதிலேயே கொடுத்தால் கடலை ஒவ்வாமை குறைகிறது என்று லண்டனில் நடந்து 2015-இல் வெளியான ஆய்வு காட்டியது. கடுமையான தோல் அரிப்பு நோயோ முட்டை ஒவ்வாமையோ உள்ள குழந்தை என்றால் மட்டும் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். முழுக் கடலை ஐந்து வயதுவரை கூடாது, தொண்டையில் அடைத்துக்கொள்ளும். புதிய உணவு எதுவானாலும் காலையில் கொடுங்கள். தடிப்போ வாந்தியோ வந்தால் பகல் வெளிச்சத்தில் தெரியும், மருத்துவரும் இருப்பார்.

உப்பு, சர்க்கரை, கருப்பட்டி மூன்றும் ஒரு வயதுவரை வேண்டாம். “உப்பில்லாமல் எப்படிச் சாப்பிடும்?” என்பது பாட்டிகளின் நாக்கு கேட்கும் கேள்வி. நானும் பாட்டிதான், சொல்ல எனக்கு உரிமை உண்டு. அங்கன்வாடிச் சத்துமாவில் வெல்லம் ஏற்கெனவே இருக்கிறது. அதில் மேலும் இனிப்புப் போடாதீர்கள். தேன் அறவே கூடாது, பிறந்த பிள்ளையின் நாக்கில் சேனை தொட்டு வைக்கும் சாக்கிலும் கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் வித்து கைக்குழந்தையின் குடலில் முளைத்து நரம்பைத் தளர்த்தும் நஞ்சை உண்டாக்கும். பசும்பாலைக் குடிக்கும் பாலாகக் கொடுப்பதும் ஒரு வயதுக்குப் பிறகே.

காலை நீட்டி, குழந்தையை மல்லாக்கப் போட்டு, மூக்கைப் பிடித்துப் புகட்டுவதை இன்னும் பார்க்கிறேன். உணவு மூச்சுக்குழலுக்குள் போய்விடும். மடியில் நிமிர்த்தி உட்காரவைத்து, வாயைத் திறக்கும்வரை கரண்டியோடு காத்திருங்கள். முகத்தைத் திருப்பினால் அந்த வேளை முடிந்தது. கண்ணில் நீர் வர ஓக்கரித்தால் பயப்படாதீர்கள். அது தானே வெளியே தள்ளிவிடும். சத்தமே வராமல், அழ முடியாமல், உதடு நீலம் பாய்ந்தால்தான் ஆபத்து. உடனே முன்கையில் குப்புறப் போட்டு, தலை தாழ்ந்திருக்க, தோள்பட்டைகளுக்கு நடுவே ஐந்து முறை தட்டுங்கள். வெளிவராவிட்டால் மல்லாக்கத் திருப்பி, நெஞ்செலும்பின் மேல் ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை அழுத்துங்கள். வெளிவரும்வரை இரண்டையும் மாறி மாறிச் செய்யுங்கள். வேறொருவர் 108-ஐ அழைக்கட்டும்.

எட்டாம் மாதம்வரை நாளுக்கு இரண்டு மூன்று வேளை, பிறகு மூன்று நாலு வேளை. ஒரு வேளைக்கு அரைக் கிண்ணம்வரை மெல்ல ஏற்றுங்கள். எட்டாம் மாதத்திலிருந்து மசிப்பதைக் குறைத்து, கட்டிகட்டியாக விடுங்கள். இட்லித் துண்டைத் தானே எடுத்துத் தின்னட்டும், வீடு நாறினாலும் பரவாயில்லை. ஒரு வயதில் காரம் குறைத்த வீட்டுச் சாப்பாடுதான். தாய்ப்பால் இரண்டு வயதுவரையும் அதற்கு மேலும் தொடரலாம். சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைத்துக் கொடுக்காதீர்கள்.

மாதம் ஒருமுறை அங்கன்வாடியில் எடை போட்டு அட்டையில் குறிக்கச் சொல்லுங்கள். ஒன்பது மாதம் முடிந்ததும் தட்டம்மை-ரூபெல்லா ஊசிக்கும் வைட்டமின் ஏ மருந்துக்கும் போகும்போது அந்த அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள். கோடு இரண்டு மாதம் ஏறாமல் நின்றால், “எங்கள் வீட்டில் எல்லாரும் ஒல்லிதான்” என்று சமாதானம் சொல்லாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.