வாடகை அறையில் நடக்கும் அங்கன்வாடிக்குச் சொந்தக் கட்டடம்: யாரிடம், எப்படிக் கேட்பது

உங்கள் ஊர் பால்வாடி இன்னமும் யாரோ ஒருவர் வீட்டு முன்னறையில், ஒரு பக்கம் அடுப்பு எரிய மறுபக்கம் பிள்ளைகள் பாயில் தூங்க, நடந்துகொண்டிருக்கிறதா? "நிதி இல்லை" என்ற பதிலோடு திரும்பி வந்துவிடாதீர்கள். நிதிக்கு வழிகள் இருக்கின்றன, ஆனால் இடம் சரியில்லை என்றால் எந்த வழியும் திறக்காது. அதனால் மனு எழுதும் முன்னால் இடத்தைப் பாருங்கள்.

கிராம நிர்வாக அலுவலரிடம் ஊருக்குள் என்ன புறம்போக்கு இருக்கிறது என்று கேட்டு, சர்வே எண், புலப்படம் (நிலத்தின் அளவு வரைபடம்), அ-பதிவேட்டு (நிலம் எந்த வகை என்று சொல்லும் வருவாய்ப் பதிவேடு) விவரம் மூன்றையும் வாங்கிக்கொள்ளுங்கள். குளம், ஓடை, வாய்க்கால் என்று பதிவாகியிருந்தால், சொட்டுத் தண்ணீர் இல்லாமல் மேடாகக் கிடந்தாலும் அதை விட்டுவிடுங்கள், நீர்நிலையில் கட்டடத்துக்கு அனுமதி கிடைக்காது. தனியார் யாராவது இடம் தந்தால் வாய்வார்த்தை போதாது, ஊராட்சி பெயருக்குத் தானப் பத்திரம் பதிய வேண்டும். கொடுத்தவரின் பிள்ளைகள் பிற்பாடு வந்து கேட்டால் அந்தப் பத்திரம்தான் பேசும்.

அடுத்தது கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும். "அடிப்படை வசதி வேண்டும்" என்று பொத்தாம்பொதுவாகத் தீர்மானம் போடாமல், சர்வே எண், பிள்ளைகள் எண்ணிக்கை, இப்போது நடக்கும் அறையின் நீள அகலம், கழிப்பறை இருக்கிறதா என்பதெல்லாம் அதில் வரவேண்டும். தாய்மார்கள் திரளாக வந்து பேசினால் அதற்கு இருக்கும் பலமே வேறு. தீர்மான நகலை வட்டார வளர்ச்சி அலுவலரிடமும் குழந்தைகள் வளர்ச்சித் திட்ட அலுவலரிடமும் கொடுத்து, கொடுத்ததற்கு ஒப்புகை வாங்குங்கள்.

சரி, பணம். 2022-இல் வந்த மத்திய அரசின் சக்‌ஷம் அங்கன்வாடி வழிகாட்டுதல் ஒரு கட்டடத்துக்கு 12 லட்சம் ரூபாய் என்று வைத்தது: நூறு நாள் வேலைத் திட்டத்திலிருந்து 8 லட்சம், மத்திய நிதிக்குழு பரிந்துரையில் ஊராட்சிகளுக்கு வரும் மானியத்திலிருந்து 2 லட்சம், மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டுத் துறை வழியாக 2 லட்சம். கழிப்பறைக்கு 36,000, குடிநீர் வசதிக்கு 17,000 என்று தனியாகவும் உண்டு. இப்போதைய பங்கீட்டை ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதி இன்னொரு வழி, அவர் பரிந்துரைக்க வேண்டும், அனுமதி தருவது மாவட்ட ஆட்சியர்.

ஊரில் கொஞ்சம் வசூல் ஆகும் என்றால் நான் முதலில் சொல்வது நமக்கு நாமே திட்டம்தான். மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் போட்டால் மீதியை அரசு தரும். 15 லட்சம் மதிப்பீடு என்றால் உங்கள் பங்கு 5 லட்சம். திருவிழாவுக்கு வசூல் செய்யும் ஊருக்கு, வெளிநாட்டில் நாலு பிள்ளைகள் வேலை பார்க்கும் ஊருக்கு, இது எட்டாத தொகை இல்லை. ஆனால் ஒன்றியப் பொறியாளர் மதிப்பீடு போட்ட பிறகு வசூலைத் தொடங்குங்கள், எவ்வளவு தொகை என்று தெரியாமல் கேட்டால் யாரும் கொடுக்க மாட்டார்கள்.

மதிப்பீட்டைக் கையில் வாங்கி வரி வரியாகப் படியுங்கள். மின் இணைப்பு, தண்ணீர்க் குழாய், சமையலுக்குத் தனி அறை, மூன்று வயதுப் பிள்ளைக்கு எட்டும் உயரத்தில் கை கழுவும் தொட்டி, சின்ன அளவுக் கழிப்பறை, சாய்தளம், இவை அதில் இருக்கின்றனவா? இல்லையென்றால் டெண்டருக்கு முன்பே சேர்க்கச் சொல்லுங்கள், கட்டி முடித்த பின் ஒரு குழாய்க்குக்கூட அலைய வேண்டியிருக்கும்.

மனு எங்கேயோ கிடக்கிறது என்றால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் ஒப்புகை நகலோடு மறுபடி கொடுங்கள். அப்புறமும் அசையவில்லையா, தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி, கோப்பு யார் மேசையில், எந்தத் தேதியிலிருந்து இருக்கிறது என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.