இணைய இணைப்பு இல்லாமல் பிளேஸ்டேஷன் 4-இல் திரைப்படம் பார்ப்பது எப்படி?

பிளேஸ்டேஷன் 4 வாங்கியவர்களில் பலர், அதில் படம் பார்க்க வேண்டுமானால் நெட்ஃபிளிக்ஸ் போன்ற ஏதாவதொரு சந்தாவும் வேகமான இணையமும் இருந்தே ஆக வேண்டும் என்று எண்ணுகிறார்கள். உண்மையில் பென் டிரைவில் உள்ள படத்தையும், டிவிடி, புளூ-ரே வட்டுகளையும், வீட்டுக் கணினியில் கிடக்கும் கோப்புகளையும் இணையம் இல்லாமலேயே இந்தக் கருவி ஓட்டும். ஆனால் கணினியில் உள்ள விஎல்சி பிளேயரைப் போல எதைக் கொடுத்தாலும் ஓட்டிவிடாது. கோப்பு எந்த வடிவில் இருக்க வேண்டும், டிரைவ் எப்படி ஃபார்மட் செய்யப்பட்டிருக்க வேண்டும் என்பதில் மிகவும் கறாரானது. அதனால் இந்த வேலையின் பெரும்பகுதியைக் கணினியில்தான் செய்ய வேண்டியிருக்கும். அதை ஒழுங்காகச் செய்துவிட்டால், டிவி முன் அமர்ந்த பிறகு இரண்டு பொத்தான்களை அழுத்துவது மட்டுமே மிச்சம்.

இந்த விளக்கம் உங்கள் சொந்தக் காணொளிகளுக்கும், நீங்கள் முறையாக விலைகொடுத்து வாங்கியவற்றுக்கும் உரியது. ஓ.டி.டி. செயலிகளில் பதிவிறக்கி வைத்த படங்கள் அந்தச் செயலிக்குள் மட்டுமே திறக்கும் என்பதால் அவற்றைப் பென் டிரைவில் போட்டுப் பயன் இல்லை.

முதல் படி: ஒரே ஒரு முறை இணையம்

பிளேஸ்டேஷன் 4, 2013 நவம்பரில் விற்பனைக்கு வந்தபோது பென் டிரைவிலிருந்து படம் ஓட்டும் வசதி அதில் இல்லவே இல்லை. 2015 ஜூனில்தான் சோனி நிறுவனம் 'மீடியா பிளேயர்' என்ற இலவசச் செயலியை வெளியிட்டு அந்தக் குறையைப் போக்கியது. அது கருவியுடன் கூடவே வருவதில்லை. பிளேஸ்டேஷன் ஸ்டோரிலிருந்து பதிவிறக்க வேண்டும். வட்டுகளுக்கும் இதே கதைதான்: டிவிடி, புளூ-ரே ஓட்டும் வசதியை முதல் முறை இணையத்தின் வழியே செயல்படுத்த வேண்டும், அதன் பிறகு இணைப்பு தேவைப்படாது.

வீட்டில் பிராட்பேண்ட் இல்லையென்றால் கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டை இயக்கி, கருவியின் செட்டிங்ஸ் பகுதியில் நெட்வொர்க் என்பதற்குள் சென்று வைஃபை மூலம் இணையுங்கள். பெரிய விளையாட்டுகளின் அப்டேட்டுகள் தானாக இறங்கத் தொடங்கி உங்கள் மொபைல் டேட்டாவைத் தின்றுவிடக் கூடும் என்பதால், தானியங்கிப் பதிவிறக்கத்தை முன்னதாகவே நிறுத்திவிடுவது நல்லது. ஸ்டோரில் மீடியா பிளேயரைத் தேடிப் பதிவிறக்குங்கள். அதே சமயத்தில், உங்கள் கணக்குக்கு இதுவே முதன்மைக் கருவி என்று அக்கவுண்ட் மேனேஜ்மென்ட் பகுதியில் செயல்படுத்தி வையுங்கள். பிறகு ஏதாவதொரு டிவிடியைப் போட்டு ஓடுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். இவ்வளவும் முடிந்த பிறகு ஹாட்ஸ்பாட்டை அணைத்துவிடலாம்.

இரண்டாம் படி: டிரைவைத் தயார் செய்தல்

பிளேஸ்டேஷன் 4 படிக்கக் கூடியவை ஃபேட்32, எக்ஸ்ஃபேட் ஆகிய இரண்டு ஃபார்மட்டுகளை மட்டுமே. விண்டோஸ் கணினிகளில் பயன்படும் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்குகள் பெரும்பாலும் என்டிஎஃப்எஸ் ஃபார்மட்டில் இருப்பதால், கணினியில் நன்றாக வேலை செய்யும் டிஸ்க் கருவியில் செருகியதும் கண்ணிலேயே படாமல் போவதற்கு முக்கியமான காரணம் இதுதான். ஃபேட்32-இல் ஒரு தனிக் கோப்பு 4 ஜிபிக்கு மேல் இருக்க முடியாது; நல்ல தரத்தில் உள்ள முழுநீளப் படம் அந்த அளவை எளிதில் தாண்டிவிடும். ஆகவே எக்ஸ்ஃபேட்டைத் தேர்ந்தெடுப்பதே சரி.

விண்டோஸில் டிரைவின் மீது வலச்சொடுக்கி ஃபார்மட் என்பதை அழுத்தி, ஃபைல் சிஸ்டம் பட்டியலில் எக்ஸ்ஃபேட் என்று தேர்ந்தெடுங்கள். மேக் கணினியில் டிஸ்க் யூட்டிலிட்டியில் எக்ஸ்ஃபேட்டுடன் ஸ்கீம் என்ற இடத்தில் மாஸ்டர் பூட் ரெக்கார்ட் என்பதையும் தேர்ந்தெடுப்பது பாதுகாப்பானது. ஃபார்மட் செய்தால் டிரைவில் உள்ள அனைத்தும் அழிந்துவிடும் என்பதால் தேவையானவற்றை முதலில் வேறிடத்தில் நகலெடுத்துக் கொள்ளுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. கருவியின் செட்டிங்ஸில் யுஎஸ்பி சேமிப்புச் சாதனங்களுக்கான பகுதியில், டிரைவை 'எக்ஸ்டெண்டட் ஸ்டோரேஜ்' ஆக ஃபார்மட் செய்யும் வாய்ப்பு உண்டு. அது விளையாட்டுகளைச் சேமித்து வைப்பதற்கான ஏற்பாடு. 250 ஜிபி முதல் 8 டிபி வரையுள்ள யுஎஸ்பி 3.0 டிஸ்க்குகளுக்கு அது பொருந்தும். படங்கள் உள்ள டிஸ்க்கில் அதைத் தவறியும் அழுத்தாதீர்கள். அழுத்தினால் படங்கள் போவதோடு, அந்த டிஸ்க்கைக் கணினியும் படிக்காது. விளையாட்டுக்கு ஒன்று, படத்துக்கு ஒன்று என இரண்டாக வைத்துக் கொள்வதே தொல்லையில்லாத வழி.

மூன்றாம் படி: கோப்பு பொருந்துமா என்று பார்த்தல்

தொடக்கநிலையினர் அதிகம் குழம்பும் இடம் இது. ஒரு கோப்பின் பெயர் எம்பி4 என்றோ எம்கேவி என்றோ முடிவதை வைத்து அது ஓடும் என்று சொல்லிவிட முடியாது. அந்த முடிவெழுத்துகள் வெளிப்பெட்டியின் பெயர் மட்டுமே. பெட்டிக்குள் படமும் ஒலியும் தனித்தனியாக எந்தக் கோடெக்கில் (அதாவது எந்தச் சுருக்க முறையில்) சுருக்கி வைக்கப்பட்டுள்ளன என்பதே ஓடுவதையும் ஓடாததையும் தீர்மானிக்கிறது. பிளேஸ்டேஷன் 4-இன் மீடியா பிளேயர் எம்பி4, எம்கேவி, ஏவிஐ ஆகிய பெட்டிகளை ஏற்கும். படத்துக்கு எச்.264 கோடெக்கும், ஒலிக்கு ஏஏசி அல்லது ஏசி-3 எனப்படும் டால்பி டிஜிட்டலும் இருந்தால் கவலையே இல்லை. எச்.265 அல்லது ஹெச்இவிசி எனப்படும் புதிய கோடெக்கை அது ஏற்காது. ஒலி டிடிஎஸ் வகையாக இருந்தாலும் ஏற்காது.

இதைச் சரிபார்க்கக் கோப்பை விஎல்சி பிளேயரில் திறந்து, டூல்ஸ் பட்டியலில் கோடெக் இன்ஃபர்மேஷன் என்பதைச் சொடுக்குங்கள். விசைப்பலகையில் கன்ட்ரோல், ஜே விசைகளைச் சேர்த்து அழுத்தினாலும் அதே சன்னல் திறக்கும். அதில் 'ஸ்ட்ரீம் 0', 'ஸ்ட்ரீம் 1' என்று வரிசையாக இருக்கும். வீடியோ என்று குறிக்கப்பட்ட ஸ்ட்ரீமின் கீழே கோடெக் என்ற வரியில் எச்264 என்றும், ஆடியோ என்று குறிக்கப்பட்டதன் கீழே ஏஏசி என்றோ ஏ52 என்றோ இருந்தால் கோப்பை அப்படியே பென் டிரைவில் போட்டுவிடலாம் (ஏ52 என்பது ஏசி-3-இன் மற்றொரு பெயர், அதைக் கண்டு மிரள வேண்டாம்). வீடியோ வரியில் ஹெச்இவிசி என்றோ ஆடியோ வரியில் டிடிஎஸ் என்றோ கண்டால் அடுத்த படிக்குச் செல்ல வேண்டியதுதான். படம் தெளிவாக ஓடி ஒலி மட்டும் கேட்காதபோது டிவியையும் கேபிளையும் சந்தேகிப்பதற்கு முன் இந்த ஆடியோ வரியைப் பாருங்கள்.

ஐஃபோனில் எடுத்த குடும்பக் காணொளிகளும் பெரும்பாலும் ஹெச்இவிசி வகையாகவே இருக்கும். இனி எடுப்பவற்றுக்கு, ஃபோனின் செட்டிங்ஸில் கேமரா, ஃபார்மட்ஸ் என்று சென்று 'மோஸ்ட் கம்பாட்டிபிள்' என்று மாற்றிக் கொண்டால் எச்.264-இல் பதிவாகும்.

நான்காம் படி: ஹேண்ட்பிரேக்கில் மாற்றுதல்

ஹேண்ட்பிரேக் என்பது விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும் இலவச மென்பொருள். அதைத் திறந்து, கோப்பை அதன் சன்னலுக்குள் இழுத்து விடுங்கள். பிரீசெட் பட்டியலில் ஜெனரல் பிரிவில் உள்ள 'ஃபாஸ்ட் 1080பி30' என்பதைத் தேர்ந்தெடுத்தால் எச்.264 படமும் ஏஏசி ஒலியும் கொண்ட எம்பி4 கிடைக்கும். பெரும்பாலோருக்கு அதற்கு மேல் எதையும் தொட வேண்டியதில்லை. வீடியோ தாவலில் ஆர்எஃப் என்ற அளவுகோல் 22-இல் நிற்கும். எண் குறையக் குறையத் தரமும் கோப்பின் அளவும் சேர்ந்தே கூடும். 20-க்குக் கீழே போவதால் டிவி திரையில் கண்ணுக்குத் தெரியும் பலன் எதுவும் இல்லை, கோப்புதான் வீங்கும் என்பது என் கருத்து.

சப்டைட்டில் வேண்டுமானால், தனிக் கோப்பாகப் பென் டிரைவில் போடுவதைவிடப் படத்தின் மீதே பதித்துவிடுவதை நான் பரிந்துரைப்பேன். சப்டைட்டில்ஸ் தாவலில் எஸ்ஆர்டி கோப்பை இம்போர்ட் செய்து, 'பர்ன் இன்' என்ற கட்டத்தில் குறியிடுங்கள். தமிழ் சப்டைட்டிலாக இருந்தால் எஸ்ஆர்டி கோப்பு யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் சேமிக்கப்பட்டிருக்க வேண்டும். இல்லையேல் எழுத்துகளின் இடத்தில் கட்டங்களும் புரியாத குறிகளும் வந்து நிற்கும். பதித்த சப்டைட்டிலைப் பின்னர் அணைக்க முடியாது என்பது இம்முறையின் ஒரே குறை.

முழுப் படத்தையும் மாற்றத் தொடங்குவதற்கு முன் ஒரு சிறு துண்டைச் சோதித்துவிடுங்கள். மேலே ரேஞ்ச் என்ற இடத்தில் சாப்டர்ஸ் என்பதை செகண்ட்ஸ் என்று மாற்றி, வசனம் வரும் இரண்டு நிமிடப் பகுதியை மட்டும் மாற்றிக் கருவியில் ஓட்டிப் பாருங்கள். பழைய கணினியில் முழுப் படத்தை மாற்ற மணிக்கணக்கில் ஆகும். அதற்குப் பிறகு ஒலி இல்லை என்று தெரிந்துகொள்வதைவிட இது மேல்.

நம் வீடுகளில் உள்ள கல்யாண டிவிடிகளுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். அவை பெரும்பாலும் இன்டர்லேஸ் முறையில், அதாவது ஒவ்வொரு காட்சியும் ஒன்றுவிட்ட வரிகளாக இரண்டாகப் பிரிந்து பதிவானவை. அப்படியே மாற்றினால், மாலை மாற்றும் கை அசையும்போதெல்லாம் அதன் ஓரங்களில் சீப்புப் பல் போன்ற கோடுகள் தெரியும். ஃபில்டர்ஸ் தாவலில் டிஇன்டர்லேஸ் வசதி இயக்கத்தில் உள்ளதா என்று பார்த்துக் கொள்ளுங்கள். விசிடியாக இருந்தால் பிளேஸ்டேஷன் 4 அதைப் படிக்கவே படிக்காது, ஏனெனில் சிடி வகை வட்டுகள் எதையும் அது ஏற்பதில்லை. கணினியில் அந்த வட்டைத் திறந்தால் எம்பெகாவ் (MPEGAV) என்ற கோப்புறைக்குள் டிஏடி (.DAT) என்று முடியும் கோப்புகள் இருக்கும். அவற்றைக் கணினிக்கு நகலெடுத்து ஹேண்ட்பிரேக்கில் மாற்றிவிட்டால் அந்தக் காலத்துக் காணொளிகளும் பிழைத்துக் கொள்ளும். வட்டுகள் கீறல் விழுந்து கெடுவதற்குள் செய்துவிடுவது நல்லது.

ஐந்தாம் படி: ஓட்டுதல்

டிரைவில் ஒரு கோப்புறையை உருவாக்கி, அதற்குள் படங்களைப் போடுங்கள். கோப்புகளை வெளியே சிதறவிடாதீர்கள். கோப்புப் பெயர்கள் ஆங்கில எழுத்துகளில் சுருக்கமாக இருக்கட்டும். டிரைவைக் கருவியின் முன்புறத் துளையில் செருகி மீடியா பிளேயரைத் திறந்தால், டிரைவின் பெயர் திரையில் வரும். அதைத் தேர்ந்தெடுத்து, கோப்புறைக்குள் சென்று படத்தின் மீது எக்ஸ் பொத்தானை அழுத்துங்கள். எல்2, ஆர்2 பொத்தான்கள் பின்னும் முன்னும் ஓட்டும். ஆப்ஷன்ஸ் பொத்தானில் மற்ற வசதிகள் உள்ளன. கன்ட்ரோலர் பேட்டரி பாதிப் படத்தில் தீர்ந்துவிடாமல் இருக்க முன்பே சார்ஜ் செய்துகொள்ளுங்கள்.

டிரைவே வேண்டாம் என்பவர்களுக்கு

இணையம் இல்லை என்பதும் நெட்வொர்க் இல்லை என்பதும் ஒன்றல்ல. வீட்டில் ஒரு ரவுட்டர் இருந்து, அதில் கணினியும் பிளேஸ்டேஷனும் இணைந்திருந்தால், அந்த ரவுட்டருக்கு இணையச் சந்தா இல்லாவிட்டாலும் கணினியில் உள்ள படங்களை டிவியில் பார்க்கலாம். இதற்கு யுனிவர்சல் மீடியா சர்வர் என்ற இலவச மென்பொருளைக் கணினியில் நிறுவி, படங்கள் உள்ள கோப்புறையைக் காட்டிவிட வேண்டும். விண்டோஸ் ஃபயர்வால் அனுமதி கேட்கும்போது கொடுத்துவிடுங்கள். மீடியா பிளேயரில் பென் டிரைவ் தெரிவது போலவே சர்வரின் பெயரும் தெரியும். கருவியால் ஓட்ட முடியாத கோடெக்குகளை ஓடும்போதே மாற்றிக் கொடுப்பது இந்த மென்பொருளின் பெரிய வசதி, ஆனால் அதற்குக் கணினி சற்று வலுவானதாக இருக்க வேண்டும்.

வட்டுகளும் மண்டலங்களும்

விளையாட்டு வட்டுகளை எந்த நாட்டில் வாங்கினாலும் பெரும்பாலும் ஓடிவிடும். படங்களின் வட்டுகள் அப்படியல்ல. உலகம் பல விற்பனை மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது; வட்டின் மண்டலமும் கருவியின் மண்டலமும் ஒத்துப்போனால்தான் படம் ஓடும். இந்தியாவும் இலங்கையும் டிவிடிக்கு மண்டலம் 5, புளூ-ரேக்கு மண்டலம் சி. துபாயிலிருந்து உறவினர் கொண்டுவந்த கருவி டிவிடிக்கு மண்டலம் 2, புளூ-ரேக்கு மண்டலம் பி ஆகியவற்றைச் சேர்ந்ததாக இருக்கும். சிங்கப்பூரில் வாங்கியது முறையே 3, ஏ. வட்டு உறையின் பின்பக்கத்தில் உலக உருண்டைப் படத்துக்குள் சிறியதாக அச்சிடப்பட்ட எண்ணையோ எழுத்தையோ வாங்குவதற்கு முன் பாருங்கள். 'ஆல்' என்றோ 0 என்றோ இருந்தால் எங்கும் ஓடும். 4கே அல்ட்ரா எச்டி புளூ-ரே வட்டுகளைப் பிளேஸ்டேஷன் 4 மட்டுமல்ல, 4 புரோவும் ஓட்டாது.

வேறு கருவி வைத்திருப்பவர்களுக்கு

பிளேஸ்டேஷன் 3-இல் தனிச் செயலி எதுவும் தேவையில்லை. ஆனால் அது ஃபேட்32-ஐ மட்டுமே படிக்கும், எம்கேவியையும் ஏற்காது. எக்ஸ்பாக்ஸ் ஒன், என்டிஎஃப்எஸ் டிஸ்க்குகளையும் படிக்கும். விஎல்சியும் அதற்குக் கிடைக்கிறது. ஆனால் மீடியா பிளேயர், புளூ-ரே செயலிகளை அங்கும் ஒருமுறை ஸ்டோரிலிருந்து இறக்கியாக வேண்டும். நின்டெண்டோ சுவிட்ச்சில் மெமரி கார்டிலிருந்து படம் ஓட்டும் வசதியே தரப்படவில்லை. பிளேஸ்டேஷன் 3-இல் பென் டிரைவைத் திறந்ததும் உள்ளே ஒன்றுமே இல்லை என்று காட்டினால், டிரைவின் மீது நின்று முக்கோணப் பொத்தானை அழுத்தி 'டிஸ்பிளே ஆல்' என்பதைத் தேர்ந்தெடுங்கள், எல்லாக் கோப்புகளும் தெரியும்.