பதினொன்றாம் வகுப்பில் ஆங்கிலவழிக்கு மாறும் மாணவர்: ஆசிரியரின் எதிர்பார்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்த மாணவர்களில் ஒரு பகுதியினர், மேல்நிலை முதலாமாண்டில் ஆங்கிலவழிக்கு மாறுகிறார்கள். கல்லூரியில் எப்படியும் ஆங்கிலத்தில்தான் படிக்க வேண்டியிருக்கும், இப்போதே பழகிக்கொள்ளட்டும் என்பது பெற்றோரின் கணக்கு. அந்தக் கணக்கில் தவறு ஒன்றும் இல்லை. அப்படி வந்து சேரும் மாணவரிடம் எதை, எப்போது, எந்த அளவுக்கு எதிர்பார்ப்பது என்பதை யோசிக்காமலே முடிவுசெய்துவிடுவதில்தான் ஆசிரியர்கள் பெரும்பாலும் சறுக்குகிறார்கள்.

இந்தத் தவறுகளில் முதன்மையானது, ஆங்கிலம் வராததைப் பாடமே தெரியாததாக எடுத்துக்கொள்வது. கணிதத்தின் முதல் பாடத்தையே பார்க்கலாம். பத்தாம் வகுப்பில் ‘உறவுகளும் சார்புகளும்’ என்ற பாடத்தைப் படித்து, அம்புக்குறிப் படம் வரைந்து, மதிப்பகம் எது, வீச்சகம் எது, ஒன்றுக்கு ஒன்றான சார்பு எது என்று பிரித்துக் காட்டி மதிப்பெண் வாங்கிய மாணவர், ஜூன் மாதத்தில் புது வகுப்பில் உட்கார்ந்து ‘ஃபங்ஷன்’, ‘டொமைன்’, ‘ரேஞ்ச்’ என்ற சொற்களைக் கேட்கிறார். ஃபங்ஷன் என்றால் காதுகுத்தும் வளைகாப்பும்தான் என்று வீட்டில் கேட்டுப் பழகியவர் அவர். கரும்பலகையில் இருப்பது தாம் ஏற்கெனவே கற்ற பாடம்தான் என்பதை அவர் கண்டுகொள்வதற்குள் இரண்டு பயிற்சிகள் முடிந்திருக்கும். ஆசிரியரோ அதற்குள் அவரை ‘அடிப்படையே இல்லாதவர்’ என்று மனத்தில் குறித்து வைத்திருப்பார். இதைத் தவிர்க்கப் பெரிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை. முதல் வாரத்திலேயே, விரும்பும் மொழியில் விடை எழுதலாம் என்று சொல்லி ஒரு சிறு தேர்வு வைத்தால், எவருக்குப் பாடம் தெரியவில்லை, எவருக்குச் சொல் மட்டும் தெரியவில்லை என்பது அன்றைக்கே விளங்கிவிடும். ஒவ்வொரு பாடத்தையும் தொடங்கும்போது அதன் கலைச்சொற்களை இரு மொழியிலும் எழுதிச் சுவரில் ஒட்டிவைப்பது அடுத்த வேலை. மாநிலப் பாடநூல்கள் இரு வழியிலும் வெளியாகின்றன, இணையத்திலும் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆகவே நாளை நடத்தப்போகும் பகுதியைத் தமிழ்நூலில் முதல்நாள் இரவே படித்துவிட்டு வருமாறு சொல்வது எந்த மாணவருக்கும் கைக்கெட்டிய வழிதான்; அதைக் குறுக்குவழி என்று எண்ணித் தடுக்கும் ஆசிரியர்கள் இருப்பதுதான் விந்தை.

இதற்கு நேரெதிரான தவறு ஒன்று உண்டு. பார்வைக்கு அது கருணைபோலத் தோன்றுவதால், கண்டிப்பவர்கள் குறைவு. தடுமாறும் மாணவரை ‘மெல்லக் கற்போர்’ பட்டியலில் சேர்த்து, கையில் ஒரு ‘மினிமம் மெட்டீரியல்’ கொடுத்து, இதை மட்டும் மனப்பாடம் செய்தால் தேர்ச்சி பெற்றுவிடலாம் என்று சொல்லிவிடுகிறோம். தேர்ச்சி விழுக்காட்டுக்குப் பதில் சொல்ல வேண்டிய தலைமையாசிரியரின் நெருக்கடி புரிகிறது. ஆனால் பத்தாம் வகுப்பில் நானூறுக்கு மேல் எடுத்த ஒருவருக்கு, மொழி மாறிய ஒரே காரணத்தால், ஒரு மதிப்பெண் வினாக்களும் மூன்று படங்களும் போதும் என்று தீர்மானிப்பதில் நியாயம் எங்கே இருக்கிறது? நியாயமான எதிர்பார்ப்பு என்பது பாடத்தின் ஆழத்தைக் குறைப்பது ஆகாது. ஆழம் அப்படியே இருக்கட்டும், அதை எட்டுவதற்கான படிகளை மட்டும் கூட்டித் தர வேண்டும். நீராவிப்போக்கைப் பற்றி ஒரு பத்தி எழுத இயலாதவரால், பெயர் குறித்த படத்தை வரைந்து, காரணம், விளைவு என்று இரண்டு வாக்கியங்களை எழுத இயலும். அந்த வாக்கியங்களின் தொடக்கத்தை ஆசிரியர் எழுதிக் கொடுக்கலாம். முடிவு மாணவரின் சிந்தனையிலிருந்து வர வேண்டும். மனப்பாடத் தாளில் இந்தச் சிந்தனைக்கு இடமே கிடையாது.

சரளமாகப் பேசுவதை அளவுகோலாக்குவதும் இருபுறமும் வெட்டும் தவறு. ‘குட் மார்னிங் சார்’ தொடங்கி நான்கு வாக்கியம் தயங்காமல் பேசுகிறவர் பாடத்தையும் ஆங்கிலத்தில் படித்துவிடுவார் என்று நம்புகிறோம்; பேசத் தயங்குகிறவருக்கு எழுதவும் வராது என்று கருதுகிறோம். கனடாவில் பணியாற்றிய கல்வியாய்வாளர் ஜிம் கம்மின்ஸ் 1979இல் இவ்விரு திறன்களையும் வேறுபடுத்திக் காட்டினார். புலம்பெயர்ந்த குழந்தைகள் அன்றாடப் பேச்சு ஆங்கிலத்தை ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளில் பிடித்துக்கொண்டாலும், பாடங்களுக்குரிய ஆங்கிலத்தில் சக மாணவர்களை எட்டிப்பிடிக்க ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகின்றன என்பது அவருடைய முடிவு. தெருவிலும் கடையிலும் ஆங்கிலம் கேட்ட குழந்தைகளுக்கே அந்த நிலை என்றால், மணி அடித்ததும் ஆங்கிலம் வகுப்பறையோடு நின்றுவிடும் நம் மாணவர், மேல்நிலையின் இரண்டே ஆண்டுகளில் முழுத் தேர்ச்சி பெற்றுவிட வேண்டும் என்று கேட்பது மிகை. தாய்மொழியில் பெற்ற பாட அறிவு இரண்டாம் மொழிக்கும் கைகொடுக்கும் என்று அதே கம்மின்ஸ் வலியுறுத்தியதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நம் மாணவரின் கையிருப்பு அதுதான்.

மௌனத்தை அலட்சியமாக நினைப்பது அடுத்தது. வினா கேட்ட ஆசிரியர் பெரும்பாலும் ஒரு நொடிகூடக் காத்திருப்பதில்லை என்பதை அமெரிக்க அறிவியல் கல்வியாளர் மேரி பட் ரோ 1970களிலேயே கவனித்து எழுதினார். மூன்று நொடி பொறுத்தாலே விடைகள் நீள்கின்றன, வழக்கமாக வாய் திறக்காதவர்களும் பேசுகிறார்கள் என்றார். வினாவைத் தமிழில் புரிந்துகொண்டு, விடையைத் தமிழில் யோசித்து, பிறகு ஆங்கிலத்துக்குக் கொண்டுவர வேண்டியவருக்கு அந்த மூன்று நொடியும் போதாது. பக்கத்தில் இருப்பவரிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டு எழுந்து சொல்லுமாறு விட்டால் கூச்சம் பாதி குறையும்.

வகுப்புக்குள் தமிழ் பேசினால் அபராதம் என்ற விதியைப் பற்றி நீட்டிப் பேச எதுவும் இல்லை. 6 முதல் 14 வயது வரையுள்ளோருக்கான 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், தன் 17ஆம் பிரிவில் உடல் தண்டனையோடு மனத் துன்புறுத்தலையும் தடைசெய்கிறது. மேல்நிலை மாணவர்கள் அந்த வயதைக் கடந்திருக்கலாம். அவமானம் ஒருவரின் நாவைக் கட்டிப்போடும் விதத்தில் வயது வித்தியாசம் கிடையாது. ஆங்கிலத்தில் பேச வைக்க வேண்டுமானால், அதற்கென்று ஒவ்வொரு நாளும் பத்து நிமிடம் ஒதுக்கி, எதைப் பற்றிப் பேசுவது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுவது பலன் தரும்.

விடைத்தாள் திருத்துவதில் நடக்கும் தவறு இன்னும் நுட்பமானது. ‘வென் டெம்பரேச்சர் இன்கிரீஸ், மாலிக்யூல் மூவ் ஃபாஸ்ட்’ என்று ஒரு மாணவர் இயற்பியல் தாளில் எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம். அறிவியல் சரி. விடுபட்டவை வினைச்சொல்லின் ஈற்றில் வர வேண்டிய ‘எஸ்’ எழுத்தும், பெயருக்கு முன் வர வேண்டிய ‘தி’ என்ற சொல்லும், பன்மையும்தான். தமிழில் அப்படி ஒரு முன்சொல்லே இல்லை. வினையின் அந்த ‘எஸ்’ ஈறோ, எந்த நாட்டில் ஆங்கிலம் கற்பவருக்கும் பிந்திக் கைவரும் கூறுகளில் ஒன்று. இயற்பியல் ஆசிரியர் இதற்கு மதிப்பெண் குறைத்தால், வெப்பத்தைப் பற்றிய தேர்வு இலக்கணத் தேர்வாகிவிடுகிறது. பொருள் மாறும் பிழையை மட்டும் வட்டமிட்டு, மற்றவற்றை ஆங்கில ஆசிரியரிடம் விட்டுவிடலாம். ஆங்கில ஆசிரியரும் எல்லாப் பிழையையும் ஒரே நாளில் சிவப்பாக்க வேண்டியதில்லை. இந்த மாதம் இறந்தகாலம், அடுத்த மாதம் பன்மை என்று முன்னரே அறிவித்து, அறிவித்ததற்கு மட்டும் மதிப்பெண் வைத்தால், தன்னிடம் என்ன கேட்கப்படுகிறது என்பதை மாணவர் அறிந்திருப்பார்.

‘ஆங்கிலத்தை முன்னேற்றிக்கொள்’ என்று மொட்டையாகச் சொல்வது அறிவுரையாகலாம், எதிர்பார்ப்பாகாது. காலாண்டுத் தேர்வுக்குள் ஒவ்வொரு பாடத்திலும் இருபது கலைச்சொற்களைப் பொருளோடு எழுத வேண்டும், அரையாண்டுக்குள் இரண்டு மதிப்பெண் விடைகளைத் தன் சொற்களில் எழுத வேண்டும், முழு ஆண்டுக்குள் ஐந்து மதிப்பெண் விடை ஒன்றையாவது முழுமையாக எழுத வேண்டும் என்பதுபோல் அளந்து சொன்னால்தான், பெற்றோர் கூட்டத்தில் ஆங்கிலம் தெரியாத அம்மாவுக்கும் அப்பாவுக்கும் பிள்ளை எங்கே நிற்கிறார் என்று விளக்க முடியும்.

மேல்நிலைப் பொதுத்தேர்வின் இயற்பியல், வேதியியல், கணித வினாத்தாள்களில் ஒவ்வொரு வினாவும் தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சாகிறது. வினா புரியாமல் எந்த மாணவரும் மதிப்பெண் இழக்கக் கூடாது என்பதில் அரசுத் தேர்வே இவ்வளவு கவனமாக இருக்கும்போது, வகுப்பில் வைக்கும் வாராந்தரத் தேர்வை ஆங்கிலத்தில் மட்டும் அச்சடிக்கும் பள்ளிகள், முதல் இரண்டு பருவங்களுக்காவது இரு மொழியிலும் வினாத்தாள் தருவது பற்றி அடுத்த ஆசிரியர் கூட்டத்தில் முடிவெடுக்கலாம்.