பேட்டரி புல்வெட்டி: மெஷினைப் பார்த்து வாங்கி பேட்டரியில் கோட்டை விடுவது

புல்வெட்டி, பிரஷ் கட்டர், மருந்தடிக்கும் ஸ்ப்ரேயர், கிளை அறுக்கும் சின்ன ரம்பம் என்று தோட்டத்துச் சாமான் எல்லாவற்றிலும் இப்போது பேட்டரி வந்துவிட்டது. பெட்ரோலில் ஆயில் கலக்க வேண்டாம், கயிற்றை இழுத்து இழுத்துத் தோள்பட்டை போக வேண்டாம், சத்தத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வர மாட்டார். எல்லாம் சரிதான். ஆனால் வாங்கி இரண்டு வருஷம் ஆனவர்களிடம் கேட்டுப் பாருங்கள், "பேட்டரி மெஷின் எல்லாம் சும்மா சார், வேலைக்கு ஆகாது" என்று சொல்பவர்கள் நிறையப் பேர். என்னைக் கேட்டால் மெஷின் மேல் குற்றமே இல்லை. நல்ல பிரஷ்லெஸ் (கார்பன் பிரஷ் இல்லாத) மோட்டாரில் தேய்வதற்கு பேரிங்கைத் தவிரப் பெரிதாக ஒன்றும் கிடையாது, அது பல வருஷம் ஓடும். தேய்கிற சாமான் பேட்டரி ஒன்றுதான், வண்டிக்கு டயர் மாதிரி. அதை என்ன பார்த்து வாங்குகிறோம், எங்கே வைக்கிறோம் என்பதில்தான் இந்தக் கதை முழுக்க இருக்கிறது.

முதல் தவறு கடையிலேயே, இல்லை ஆன்லைனில் ஆர்டர் போடும்போதே நடந்துவிடுகிறது. ஸ்டிக்கரில் இருக்கும் வோல்ட்டை நம்புவது. 48 விஎஃப், 88 விஎஃப், 98 விஎஃப் என்றெல்லாம் பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள், பார்ப்பவர் 98 வோல்ட் என்று நினைத்துக்கொள்வார். அந்த "விஎஃப்" வோல்ட்டே இல்லை, சும்மா ஒரு மாடல் பெயர். உண்மை தெரிய வேண்டுமென்றால் பெட்டிக்குள் இருக்கும் சார்ஜரை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் அவுட்புட் 21 வோல்ட் என்று பொடி எழுத்தில் இருக்கும். ஒரு லித்தியம் அயன் செல் முழு சார்ஜில் 4.2 வோல்ட், 21-ஐ அதால் வகுத்தால் ஐந்து. அதாவது ஐந்து செல் வரிசையாகக் கோத்த சாதாரண 18 வோல்ட் பேட்டரி, அவ்வளவுதான். பெரிய கம்பெனிகளும் இதில் சுத்தமில்லை, 18 வோல்ட்டையே அமெரிக்காவில் "20 வோல்ட் மேக்ஸ்" என்று விற்கிறார்கள், 36-ஐ 40 என்கிறார்கள். ஆனால் அது முழு சார்ஜ் அளவை ஒட்டிச் சொல்வது, கொஞ்சம் மிகைப்படுத்தல், அத்தோடு சரி. 98 என்பது வேறு ரகம்.

ஏ.எச்., அதாவது ஆம்பியர் அவர், பேட்டரி எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்கிற அளவு. அந்த விஷயத்திலும் இதே கூத்துதான். இந்த பேட்டரிகளுக்குள் பெரும்பாலும் இருப்பது 18650 என்ற செல், 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம், டார்ச்சில் போடுகிற பென்சில் செல்லைவிடக் கொஞ்சம் தடிமன். அதில் நல்ல செல்லாக இருந்தாலும் பொதுவாக 3.5 ஏ.எச். சுற்றித்தான் இருக்கும், மோட்டார் கேட்கிற அளவு கரண்ட் தரக்கூடிய செல் என்றால் 2.5, 3 அவ்வளவுதான். ஐந்து செல் மட்டும் போட்ட பேட்டரியில் 6 ஏ.எச்., 15 ஏ.எச். என்று அச்சடித்திருந்தால் சிரித்துவிட்டு வைத்துவிடலாம். கையில் தூக்கிப் பார்த்தாலே பாதி தெரியும். ஒரு செல் சுமார் 45 கிராம், 5 ஏ.எச். வேண்டுமென்றால் பத்து செல் வேண்டும், செல் மட்டுமே அரை கிலோவை நெருங்கும். மொத்த பேட்டரியே 350 கிராம்தான் இருக்கிறது என்றால் உள்ளே எத்தனை செல் இருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

சரி, நிஜமான 18 வோல்ட், 5 ஏ.எச். பேட்டரியே வாங்கிவிட்டீர்கள். இரண்டையும் பெருக்கினால் 90 வாட் அவர், அதாவது 90 வாட் சாமானை ஒரு மணி நேரம் ஓட்டும் அளவு. பிரஷ் கட்டர் 300 வாட் இழுத்தால் 18 நிமிடம், அடர்ந்த கோரையில் இன்னும் கம்மி. ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 9,000 வாட் அவர் இருக்கிறது, சின்ன இன்ஜின் அதில் ஐந்தில் ஒரு பங்கைக்கூட முழுசாக வேலையாக்காது, மீதி சூடாகவும் புகையாகவும் போய்விடும். அப்படியும் ஒரு லிட்டர் பெட்ரோலின் வேலைக்கு இந்த மாதிரி பதினைந்து இருபது பேட்டரி வேண்டும். வீட்டைச் சுற்றி ஐந்து சென்ட் இடம், பத்து தென்னை, வரப்போரம் என்றால் பேட்டரி தாராளமாகப் போதும். ஐந்து ஏக்கர் தோப்பில் காலையிலிருந்து சாயங்காலம் வரை கூலிக்கு வெட்டுபவர் ஒரு மெஷினும் இரண்டு பேட்டரியும் வாங்கிவிட்டு புலம்புவதில் அர்த்தமில்லை, அவருக்கு இன்றைக்கும் பெட்ரோல்தான் கணக்கு.

கலிஃபோர்னியாவில் இதே சிக்கல் சட்டமாகவே வந்தது. அங்கே வணிகப் பயன்பாட்டு பெட்ரோல் இலை ஊதியை ஒரு மணி நேரம் ஓட்டினால் வரும் புகைமாசு, ஒரு காரை லாஸ் ஏஞ்சலஸிலிருந்து டென்வர் வரை, அதாவது சுமார் 1,770 கிலோமீட்டர் ஓட்டியதற்குச் சமம் என்று மாநில காற்றுத்தர வாரியம் கணக்குச் சொன்னது. 2021-ல் சட்டம் போட்டார்கள், 2024 முதல் புதிதாகத் தயாராகும் பெரும்பாலான சின்ன இன்ஜின் சாமான்கள் புகையில்லாததாக இருக்க வேண்டும், ஏற்கெனவே வைத்திருப்பதை ஓட்டிக்கொள்ளலாம். வீட்டுக்காரர்களுக்கு இதில் பெரிய கஷ்டமில்லை. நாள் முழுக்கப் பல வீடுகளில் புல் வெட்டிப் பிழைப்பவர்களுக்குத்தான் வேன் நிறைய பேட்டரியும் அதைச் சார்ஜ் போட இடமும் தேவைப்பட்டது.

இப்போது ஆயுளுக்கு வருவோம். இங்கேதான் அதிகப் பணம் வீணாகிறது. லித்தியம் செல்லுக்கு ஏறக்குறைய 500 முறை முழு சார்ஜ் ஏற்றி இறக்கும் ஆயுள் என்று பொதுவாகச் சொல்வார்கள், அதற்கப்புறம் கொள்ளளவு 80 சதவீதத்துக்கு இறங்கும். வாரம் இரண்டு சார்ஜ் போட்டாலும் வருஷத்துக்கு நூறுதான், ஐந்து வருஷம் வர வேண்டும். ஆனால் வருவதில்லை. ஏனென்றால் நம் ஊர் வீட்டுத்தோட்ட பேட்டரிகள் உழைத்துத் தேய்வதில்லை, சும்மா இருந்தே கெடுகின்றன. மோட்டார் ரூமில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில், முழு சார்ஜ் போட்டு, அடுத்த மழைக்குப் புல் முளைக்கும்வரை நாலு மாசம் தொங்கவிட்டிருப்பார்கள். சித்திரை வெயிலில் அந்த ரூமுக்குள் கையை வைக்க முடியாது. பேட்டரிக்காரர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டுகிற ஒரு கணக்கு உண்டு. 25 டிகிரியில் 40 சதவீத சார்ஜில் ஒரு வருஷம் வைத்தால் நிரந்தர இழப்பு சுமார் 4 சதவீதம், அதுவே 40 டிகிரியில் முழு சார்ஜில் வைத்தால் சுமார் 35 சதவீதம். செல்லின் ரகத்தைப் பொறுத்து எண் மாறும், போகிற திசை மாறாது. சூடும் முழு சார்ஜும் சேர்ந்தால்தான் ஆபத்து. நாலு விளக்கு எரிகிற பேட்டரி என்றால் இரண்டு விளக்கு எரியும் நிலையில் கழற்றி, வீட்டுக்குள் வெயில் படாத அலமாரியில் வையுங்கள். மெஷின் மோட்டார் ரூமிலேயே கிடக்கட்டும், அதற்கு ஒன்றும் ஆகாது.

இதற்கு நேர் எதிரான தவறு, "முழுசா தீர்ந்தப்புறம்தான் சார்ஜ் போடணும்" என்கிற பழக்கம். இது நிக்கல் காட்மியம் பேட்டரி காலத்து அறிவுரை, அந்த ரகத்துக்கு அப்போது அது நியாயம். ஐரோப்பிய ஒன்றியம் 2016 முடிவோடு கம்பியில்லா டூல்களில் அந்த ரகத்தையே நிறுத்திவிட்டது, அறிவுரை மட்டும் இன்னும் உயிரோடு இருக்கிறது. லித்தியத்தைக் காலியாக்கிவிட்டு அப்படியே மாசக்கணக்கில் போட்டால் செல் வோல்டேஜ் ஆபத்தான அளவுக்குக் கீழே இறங்கும், உள்ளே இருக்கும் செம்புத் தகடு கரைய ஆரம்பிக்கும், சார்ஜர் சிவப்பு விளக்கைச் சிமிட்டி "மாட்டேன்" என்று சொல்லும். அது சார்ஜரின் பழுதில்லை. வேண்டுமென்றே தடுக்கிறது. இணையத்தில் பார்த்துவிட்டு இன்னொரு பேட்டரியிலிருந்து ஒயர் கொடுத்துத் தட்டி எழுப்புவது தீ விபத்துக்கு வழி. அதேபோல வேலை முடிந்த கையோடு கொதிக்கிற பேட்டரியைச் சார்ஜில் சொருகாதீர்கள், அரை மணி நேரம் ஆறட்டும்.

ஸ்ப்ரேயர் வைத்திருப்பவர்கள் மேலே சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டால் கெட்டது! முதுகில் மாட்டும் பேட்டரி ஸ்ப்ரேயர்களில் நிறைய மாடல்களில் அடியில் இருப்பது 12 வோல்ட், 8 ஏ.எச். ஈய-அமில பேட்டரி. அதன் குணம் தலைகீழ். அது எப்போதும் முழு சார்ஜில்தான் இருக்க வேண்டும், பாதியில் விட்டால் தகட்டில் சல்பேட் படிந்து இறுகிவிடும், மறுபடி எவ்வளவு சார்ஜ் போட்டாலும் ஏறாது. மருந்தடித்து முடித்த அன்று ராத்திரியே சார்ஜ், அப்புறம் வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாசம் ஒருமுறை. ஒரு போகத்துக்கு அடித்துவிட்டு அடுத்த போகத்துக்கு எடுக்கும்போது பம்ப் முக்கி முனகுவது இதனால்தான்.

அந்த ஈய பேட்டரி போனதும் "லித்தியம் போட்டால் வெயிட் கம்மி, ரொம்ப நாள் வரும்" என்று மாற்றுகிறார்கள். யோசனை நல்லதுதான், என்ன லித்தியம், எந்த சார்ஜர் என்று கேட்காமல் செய்வதுதான் தப்பு. மூன்று சாதாரண லித்தியம் அயன் செல் கோத்த பேட்டரி 12.6 வோல்ட்டோடு நிற்க வேண்டும். பழைய ஈய-அமில சார்ஜரோ 14 வோல்ட்டுக்கு மேல் தள்ளும், ஒரு செல்லுக்கு 4.7 வோல்ட் விழும், நடுவில் இருக்கும் பாதுகாப்பு போர்டு மலிவானதாக இருந்து கைவிட்டால் பேட்டரி உப்பும், தீப்பிடிக்கவும் செய்யும். எல்எஃப்பி என்கிற லித்தியம் இரும்பு பாஸ்பேட் ரகம் நாலு செல் சேர்ந்து 12.8 வோல்ட், முழு சார்ஜில் 14.6, அதனால் 12 வோல்ட் சாமானுக்கு இதுதான் பொருத்தம். சூட்டையும் கொஞ்சம் அதிகம் தாங்கும், ஆயிரக்கணக்கான முறை சார்ஜ் ஏறும். கூடவே அதற்கென்று இருக்கும் சார்ஜரையும் வாங்கிவிடுங்கள். அதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

மெஷின் வாங்கும்போது யாரும் கேட்காத கேள்வி, தனி பேட்டரி என்ன விலை, மூன்று வருஷம் கழித்துக் கிடைக்குமா என்பது. பேட்டரியும் சார்ஜரும் சேர்ந்து மெஷின் விலையில் பாதியை விழுங்குகிற மாடல்கள் உண்டு. பெயர் தெரியாத பிராண்டில் அடுத்த வருஷம் அந்த வடிவமே இருக்காது, மெஷின் நன்றாக இருக்கும், பேட்டரி கிடைக்காமல் பரணுக்குப் போகும். பேட்டரி சொருகும் வாய் அமைப்பைப் பல வருஷமாக மாற்றாமல் வைத்திருக்கும் வரிசையைப் பாருங்கள். மகிதா கம்பெனியின் 18 வோல்ட் எல்எக்ஸ்டி வரிசை 2005-லிருந்து இருக்கிறது. அமெரிக்காவில் ரையோபி 1996-ல் நிக்கல் காட்மியத்தோடு ஆரம்பித்த 18 வோல்ட் வரிசையின் பழைய டூல்களில் இன்றைய லித்தியம் பேட்டரியும் சொருகும். ஐரோப்பாவில் இதைக் கட்டாயமாகவே ஆக்குகிறார்கள், 2027 பிப்ரவரி முதல் கையடக்க சாமான்களின் பேட்டரியை வாங்கியவரே கழற்றி மாற்றும்படி இருக்க வேண்டும், அந்த மாடல் விற்பனை நின்ற பிறகும் ஐந்து வருஷம் பேட்டரி கிடைக்க வேண்டும். நம் ஊரில் அப்படி எதுவும் இல்லாதவரை கடைக்காரரைத்தான் குடைய வேண்டும். வாய் பொருந்துகிறது என்பதற்காக டூப்ளிகேட் பேட்டரியை அசல் சார்ஜரில் போடுவதும் வேண்டாம், வடிவம் ஒன்றாக இருந்தாலும் உள்ளே சூடு பார்க்கும் சென்சார் இருக்கிறதா என்று யாருக்குத் தெரியும்.

செத்த பேட்டரியைப் பிரித்து ஒரே ஒரு செல்லை மட்டும் மாற்றித் தருகிறேன் என்பவரிடமும் கொடுக்காதீர்கள். பழசோடு புதுசு சேர்ந்தால் பழசு முதலில் காலியாகி, முதலில் நிரம்பி, மொத்தத்தையும் கீழே இழுக்கும். மாற்றினால் எல்லா செல்லையும் ஒரே பேட்ச்சில், அதுவும் ஸ்பாட் வெல்டிங்கில். சால்டரிங் அயர்னை வைத்துத் தேய்த்தால் செல் அப்போதே பாதி போயிற்று.

அப்புறம் கத்தி. மொட்டைக் கத்தியோடு ஈரப்புல்லில் இறங்கினால் மோட்டார் அதிகக் கரண்ட் இழுக்கும், பேட்டரி சூடாகும், நேரம் குறையும். அரம் வாங்க நூறு இருநூறு ரூபாய் போதும்.

உப்பிய பேட்டரி என்றால் சார்ஜ் போடவே கூடாது. முனைகளில் டேப் ஒட்டி, வீட்டுக்கு வெளியே மணல் போட்ட பக்கெட்டில் வைத்துவிட்டு, வாங்கிய கடையிலோ கம்பெனி சர்வீஸ் சென்டரிலோ சேர்க்க வழி பாருங்கள். 2022-ல் வந்த பேட்டரி கழிவு மேலாண்மை விதிகளின்படி பழையதைத் திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிப்பாளர்களுடையது. ஈய-அமில பேட்டரிக்குக் காயலான் கடையில் எடைக்குக் காசு கொடுப்பார்கள், அதனால் அது எப்படியும் சேர வேண்டிய இடத்துக்குப் போய்விடும். லித்தியத்துக்கு அந்த மாதிரி விலை பெரும்பாலும் கிடைப்பதில்லை, அதனால்தான் அது குப்பை வண்டிக்குள் போய் நசுங்கித் தீப்பிடிக்கிறது. புதுசு வாங்கும்போதே பழசை எடுத்துக்கொள்வீர்களா என்று கேட்டு, பில்லில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.