ஆரத்தித் தண்ணீரும் ஓவிய மாணவனின் சொதப்பல்களும்

கல்லூரியில் முதலாம் ஆண்டு படித்தபோது கடையில் விற்கும் வண்ணமே வேண்டாம், சமையலறையில் இருப்பதே போதும் என்று ஒரு வேகம் வந்தது. புதிதாகச் சுண்ணாம்பு அடித்த பலகையில் மஞ்சள்தூளைக் கரைத்து ஒரு சூரியகாந்தி வரைந்தேன். தூரிகை பட்ட இடமெல்லாம் ரத்தச் சிவப்பு. தூளில் கலப்படம் என்று மளிகைக்கடைக்காரரைத் திட்டிக்கொண்டே வீட்டுக்கு எடுத்துப் போனேன். அம்மா பார்த்துவிட்டு, "ஆரத்திக்கு என்னடா கரைக்கிறோம்?" என்று மட்டும் கேட்டார்.

சின்ன வயதிலிருந்து பார்ப்பதுதான். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவக்கும். மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற நிறப்பொருள், சுண்ணாம்பு போன்ற காரப்பொருள் (ஆல்கலி) பட்டால் நிறம் மாறிவிடும். மீதிக் கரைசலில் பேப்பரில் வரைந்த பூ சிவக்கவில்லை. ஆனால் ஜன்னலோரம் ஒட்டி வைத்ததில் சில வாரங்களிலேயே வெளுத்துப் போனது. பால்பாயின்ட் பேனா, ஸ்கெட்ச் பேனா பலவற்றுக்கும் இதே கதிதான். எந்த நிறத்தையும் நம்புவதற்கு முன் ஒரு பட்டை தீட்டி, பாதியைக் கறுப்புத் தாளால் மூடி, ஒரு மாதம் வெயிலில் வையுங்கள். சென்னையில் வெயிலுக்கா பஞ்சம்?

ஆனால் அன்று நான் செய்த பெரிய தவறு மஞ்சள் அல்ல, எதையும் எழுதி வைக்காததுதான். அதே வாரம் டீத்தூள் டிகாக்‌ஷனில் அருமையான ஒரு பழுப்பு கிடைத்தது. எத்தனை கரண்டி, எவ்வளவு நேரம் கொதித்தது, கருவேலம் பிசின் போட்டேனா இல்லையா, ஒன்றும் நினைவில்லை. அந்தப் பழுப்பு மறுபடி வரவே இல்லை. இப்போது ஒவ்வொரு தாளின் பின்பக்கமும் தேதி, பேப்பரின் ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் பேப்பரின் கிராம் எடை), கலவை, அன்று மழையா வெயிலா என்பதுவரை பென்சிலில் எழுதுகிறேன். நண்பர்கள் இதை மளிகைக் கணக்கு என்று கிண்டல் செய்வார்கள். செய்யட்டும்.

மழையைக் குறிப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் பேப்பர் ஈரத்தை உறிஞ்சிக் கிடக்கும், வாட்டர்கலர் காயவே காயாது. அந்த ஈரத்தோடு கண்ணாடியில் ஒட்டினாற்போல் ஃபிரேம் போட்டால் உள்ளே பூஞ்சை பிடிக்கும். வெயில் காலத்தில் வேறு தொல்லை. அக்ரிலிக் ஓவியங்களை முகத்தோடு முகம் அடுக்கினால் சூட்டில் இளகி ஒட்டிக்கொள்ளும். பிரித்தால் இரண்டும் உரியும். பேப்பருக்குப் பாரிமுனை ஆண்டர்சன் தெருவுக்குப் போகிறவர்கள் மலிவாகக் கிடைக்கிறதென்று நியூஸ்பிரின்ட் கட்டை அள்ளிவந்து எல்லாவற்றையும் அதிலேயே வரைவது இன்னொரு தவறு. பயிற்சிக்கு அது நல்ல பேப்பர்தான். ஆனால் மரக்கூழில் உள்ள லிக்னின் என்ற பொருளால் சீக்கிரம் மஞ்சளாகிப் பொடியும். தண்ணீர் நிறையப் பாயும் வேலைக்கு 300 ஜிஎஸ்எம் வாங்குங்கள், இல்லையென்றால் அப்பளம்போல் நெளியும்.

ஆயில் பெயின்ட் மேல் அக்ரிலிக் பூசாதீர்கள், ஒட்டிப் பிடிக்காது. அக்ரிலிக் மேல் ஆயில் பூசலாம்.

பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கலக்கும்போது தண்ணீரில்தான் பொடியைத் தூவ வேண்டும். பொடியில் தண்ணீரை ஊற்றினால் கட்டி கட்டியாகும். மிச்சத்தை வாஷ்பேசினில் கொட்டினால் தண்ணீருக்குள்ளேயே இறுகிக் குழாயை அடைத்துவிடும் (ஒரு முழு ஹாஸ்டலின் சாபம் எனக்கு உண்டு). இறுகும்போது சூடு ஏறும் என்பதால் கையை உள்ளே புதைத்து அச்சு எடுக்கும் விளையாட்டு வேண்டவே வேண்டாம். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடுவது அதைவிட மோசம். காற்றில் உலரும்போது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது அது. விரித்துக் காயப்போடுங்கள். அப்புறம், காட்மியம் என்ற நச்சு உலோகம் கலந்த நிறத்தைப் பிசைந்த கையாலேயே தயிர்சாதம் பிசையாதீர்கள்.

வரைவதில் எல்லோரும் செய்யும் தவறு கண்ணிலிருந்து ஆரம்பிப்பது. எழும்பூர் ரயில் நிலையத்தில் உட்கார்ந்து வரைந்தால் இது சீக்கிரம் புரியும். இமை முடியை நாம் எண்ணிக்கொண்டிருக்கும்போதே ஆள் ரயிலேறிப் போயிருப்பார். எடை எந்தக் காலில் நிற்கிறது, தோள் எந்தப் பக்கம் சாய்கிறது, இந்த இரண்டையும் முப்பது வினாடிக்குள் பிடியுங்கள். அரசு அருங்காட்சியகத்தின் வெண்கலக் கூடத்துக்குப் போகும் மாணவர்களும் நடராஜரின் தீச்சுடர் வளையத்திலும் ஆபரணத்திலும் இறங்கிவிடுகிறார்கள். கடைசியில் நடராஜர் காலடியில் கிடக்கும் முயலகன் மேல் ஊன்றாமல் அந்தரத்தில் தொங்குவார். முதலில் தலையிலிருந்து நேர்கீழே ஒரு கோடு இறக்கி, ஊன்றிய வலது கால் அதற்கு எங்கே விழுகிறது என்று பாருங்கள். மொபைல் போட்டோவைப் பார்த்து வரைவதையும் குறையுங்கள். கிட்டத்தில் பிடித்த படத்தில் மூக்கு வீங்கிக் காது சுருங்கியிருக்கும், நாமும் அதை உண்மை என்று நம்பி வரைவோம். இன்னொன்று: தப்பான கோட்டை உடனே அழிக்காதீர்கள். சரியான கோடு விழும்வரை தப்புதான் அளவுகோல்.

சேர்ந்து வேலை செய்வதில் மரியாதைதான் முதல் எதிரி. நானும் நண்பனும் ஒரே தாளில் வரைவதாகச் சொல்லி, ஆளுக்குப் பாதி என்று பிரித்துக்கொண்டோம். பக்கத்து வீட்டுக்காரர்கள்போல் எல்லை தாண்டவே இல்லை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாற வேண்டும், ஒருவர் கோட்டை மற்றவர் அழிக்கலாம் என்று விதி வைத்த பிறகுதான் படம் ஒன்றானது. காசுப் பேச்சையும் தள்ளிப்போடாதீர்கள். 1966இல் சென்னையை ஒட்டிய ஈஞ்சம்பாக்கத்தில் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் சோழமண்டலம் கலைக்கிராமத்தைத் தொடங்கியவர்கள், பாத்திக் (மெழுகு பூசிச் சாயமேற்றும் துணி) முதலான கைவினைப் பொருட்களைச் செய்து விற்றுத்தான் அதற்கு வழி தேடினார்கள். யார் எவ்வளவு போடுவது, விற்றால் எப்படிப் பங்கு, மூலப்படம் யார் வீட்டில் இருக்கும் என்பதை முதல் நாளே பேசிவிடுவது நல்லது.

கைவினைஞரோடு வேலை செய்யும்போது யோசனை நம்முடையது, கைதானே அவருடையது என்ற நினைப்பு வரும். எனக்கும் வந்தது. ஒரு சுவர் ஓவியத்துக்கு, போர்டு எழுதும் பெரியவர் ஒருவரை உதவிக்கு அழைத்திருந்தோம். நாங்கள் பாதி நாள் அளந்த கட்டத்தை அவர் நீலப்பொடி தோய்த்த நூலைச் சுண்டி நாலே நிமிடத்தில் போட்டார். வேலை முடிந்ததும் சுவரின் மூலையில் மாணவர்கள் மூன்று பேர் பெயரை மட்டும் எழுதிவிட்டு வந்துவிட்டோம். ஒரு வாரம் கழித்து உறுத்தியது. அவரை அழைத்துப் போய், "உங்க பேரையும் நீங்களே எழுதிடுங்கண்ணே" என்றோம். எழுதினார். சுவரில் அந்த எழுத்துதான் ரொம்ப அழகு.