நாற்பது விநாடிப் படம்: முதலில் ஒலி, பிறகு கேமரா

பொருளைச் சிறிது சிறிதாக நகர்த்தி, ஒவ்வொரு நகர்வையும் தனிப் படமாக எடுத்து வேகமாக ஓட்டிக் காட்டும் ஸ்டாப் மோஷன் படம் எடுக்கலாம் என்று வகுப்பில் சொன்னதும் ஒருவர் களிமண்ணில் டைனோசர் செய்துவிடுவார். இன்னொருவர் அதைக் கைபேசியில் பிடிக்கத் தொடங்கிவிடுவார். மாலைக்குள் டைனோசர் மேசையைக் கடந்திருக்கும், ஆனால் கதை என்று ஒன்று இருக்காது. ஓவிய ஆசிரியராக நான் பின்பற்றும் வரிசை வேறு: முதலில் ஒலி, அடுத்து உருவம், கடைசியில்தான் கேமரா. பேச்சுள்ள அனிமேஷன் படங்களில் தொழில்முறைக் கலைஞர்களும் பெரும்பாலும் குரலை முதலில் பதிவு செய்துவிட்டு, அதற்கேற்பத்தான் உருவங்களை அசைக்கிறார்கள். பள்ளியில் மட்டும் ஏனோ தலைகீழாகச் செய்து, கடைசி நாளில் ஏதோ ஒரு பாட்டைப் படத்தின் மேல் ஒட்டி அனுப்பிவிடுகிறோம்.

பதினொன்று, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் நான்கு பேர் கொண்ட குழு, நாற்பது விநாடிப் படம். இந்த அளவை வைத்தே சொல்கிறேன்.

கதை பேசும் நாளில் விண்கலம் வரும், போர் வரும், பத்து வீரர்கள் வருவார்கள். நான் எதையும் மறுப்பதில்லை. பலகையில் ஒரு பெருக்கலை எழுதிவிடுவேன். திரைப்படம் விநாடிக்கு 24 படங்களாக ஓடுகிறது. நமக்கு 12 போதும், ஒவ்வொரு படமும் இருமுறை தெரியும். நாற்பது விநாடிக்கு 480 படங்கள். பத்து வீரர்கள் நடந்தால் ஒரு விநாடிக்கே 120 முறை கைவைக்க வேண்டும். இதைப் பார்த்த மாத்திரத்தில் ஒன்பது பேர் வீரமரணம் அடைந்துவிடுவார்கள். மிஞ்சுகிற ஒருவருக்கு ஓர் ஆசை, அதற்கு ஒரு தடை, எல்லாம் நடக்க ஒரே இடம். கதை தானாகக் கைக்கு அடங்கிவிடும்.

இனி ஒலி. வசனத்தை எழுதியவுடன் சத்தமாகப் படிக்கவைத்து நேரம் பாருங்கள். வாய்க்குள் படித்தால் நாற்பது விநாடிக்குள் அடங்குவது, உரக்கப் படித்தால் ஒரு நிமிடத்தைத் தாண்டும். எழுத்தில் நன்றாக இருக்கும் நீண்ட வினையெச்சத் தொடர்கள் வாயில் சிக்குவதும் அப்போதுதான் தெரியும், பிள்ளைகளே வெட்டிக்கொள்வார்கள். பதிவுக்கு மின்விசிறியை நிறுத்திய சிறிய அறை போதும். வெறும் சுவர் எதிரொலிக்கும் என்பதால் பேசுகிறவரைச் சுற்றிப் போர்வை, திரைச்சீலை, துணிப்பை என்று எதையாவது தொங்கவிடுங்கள். மைக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி, நேர் எதிரே நிற்காமல் சற்றே பக்கவாட்டில் நிற்கட்டும். 'பறவை', 'போ', 'பார்' என்று பகரத்தில் தொடங்கும் சொற்கள் காற்றை மைக்கின் மேல் வீசிப் 'பொம்' என்று கெடுப்பதை இது தடுக்கும். பேச்சு முடிந்ததும் அரை நிமிடம் யாரும் அசையாமல் வெறும் அறையையே பதிவு செய்துகொள்ளுங்கள். தொகுக்கும்போது இரண்டு வசனங்களுக்கு நடுவே விழும் பள்ளத்தை அந்த மௌனம்தான் நிரப்பும்.

ஒலி விளைவுகளைப் பிள்ளைகளிடமே விட்டுவிடுங்கள். செல்லோபேன் தாளைக் கசக்கினால் தீ, கையுறைகளை உதறினால் சிறகடிப்பு, தேங்காய்ச் சிரட்டைகளைத் தட்டினால் குளம்படி என்பவை வானொலி நாடகக்காரர்களின் பழைய வித்தைகள். இவற்றில் ஒன்றை மட்டும் காட்டினால் போதும், மீதியை அவர்கள் கண்டுபிடிப்பார்கள். வகுப்பில் இருக்கும் குறும்புக்காரர்களுக்கு இதைவிடப் பொருத்தமான பொறுப்பு இல்லை.

பதிவான ஒலியை ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் திறந்தால் அலைவடிவம் தெரியும். அதைப் பார்த்து ஓர் அட்டவணை போடவேண்டும்: இடப்பக்கம் விநாடி, நடுவில் கேட்கும் சொல் அல்லது ஓசை, வலப்பக்கம் பட எண். கதவு 3.5-ஆவது விநாடியில் தட்டப்படுகிறது என்றால், 42 படங்கள் முடிந்ததும் நம் ஆள் திரும்பிப் பார்க்கத் தொடங்குவார். இந்தத் தாள் கையில் இருந்தால் படப்பிடிப்பில் சண்டை பாதியாகக் குறையும். எல்லாரும் என்னிடம் கேட்பதற்குப் பதிலாகத் தாளைக் கேட்பார்கள்.

உருவங்களுக்குக் களிமண்ணைவிடக் கறுப்பு அட்டையைத்தான் பரிந்துரைப்பேன். களிமண் விளக்குச் சூட்டில் இளகும், கைரேகை பதியும், இரண்டாம் நாளில் கழுத்து சாயும். கறுப்பு அட்டையில் உருவத்தை வெட்டி, தோள், முழங்கை, இடுப்பு, முழங்கால் ஆகிய இடங்களில் மெல்லிய கம்பியால் இணைத்துவிட்டால் நிழல்பொம்மை தயார். ஜெர்மானியக் கலைஞர் லோட்டே ரைனிகர் 1926-இலேயே இப்படி வெட்டிய உருவங்களைக் கொண்டு முழுநீளப் படமே எடுத்திருக்கிறார். நிழலுருவத்துக்கு உதடசைவு தேவையில்லை என்பது பள்ளிக்குப் பெரிய லாபம். அழுத்திச் சொல்லும் சொல்லில் தலை சற்று நிமிர்ந்தாலோ கை உயர்ந்தாலோ போதும், அந்த உருவம்தான் பேசுகிறது என்று பார்ப்பவர்கள் நம்பிவிடுவார்கள்.

இரண்டு மேசைகளுக்கு நடுவே இடைவெளி விட்டு, அதன் மேல் அக்ரிலிக் தகடு வையுங்கள். பிள்ளைகள் கைவைக்கும் இடத்தில் கண்ணாடி வேண்டாம். தகட்டின் மேல் டிரேசிங் தாள், அடியில் எல்.இ.டி. விளக்கு. இருபுறமும் கனமான பெட்டிகளை அடுக்கி, குறுக்கே ஒரு பலகை போட்டு, கைபேசியின் லென்ஸ் கீழே பார்க்கும்படி அதன் விளிம்பில் ஒட்டுங்கள். தகடு, தாள், மேசைக் கால்கள் எல்லாவற்றுக்கும் நாடா ஒட்டுங்கள். யாரோ ஒருவர் இடிக்கத்தான் போகிறார்.

கைபேசியில் பார்க்கவேண்டியவை சில உண்டு. விமானப் பயன்முறையில் போட்டுவிடுங்கள். நடுவில் அழைப்பு வந்து அதிர்ந்தால் கோணம் மாறிவிடும். குவியம், வெளிச்சம், வண்ணச் சமநிலை மூன்றையும் பூட்டிவிடுங்கள். பூட்டாவிட்டால் ஒவ்வொரு படத்துக்கும் கேமரா தானே ஒரு முடிவெடுக்கும். ஓட்டிப் பார்த்தால் திரை மினுக் மினுக் என்று கண்ணை உறுத்தும். சூரியனை நம்பவேண்டாம், சன்னல்களை மூடிவிடுங்கள். வெள்ளை உடையில் பட்டு வெளிச்சம் சிதறும் என்பதால், நகர்த்துகிறவர் அடர்நிற உடையில் இருப்பது நல்லது. திரையை விரலால் தொட்டுப் படமெடுத்தால் கைபேசி ஆடும். பல கைபேசிகளில் கம்பியுள்ள இயர்போனின் ஒலிப் பொத்தானே கேமரா பொத்தானாக வேலை செய்யும். முந்தைய படத்தை மங்கலாகக் காட்டும் வசதி உள்ள செயலி கிடைத்தால், எவ்வளவு நகர்த்தினோம் என்ற குழப்பமும் தீரும்.

ஒருவர் நகர்த்த, ஒருவர் பொத்தானை அழுத்த, ஒருவர் அட்டவணையில் எண்ணை அடிக்க, நான்காமவர் 'கை வெளியே!' என்று கத்த வேண்டும். நான்காம் வேலையைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். அவர் அசந்துபோனால் யாரோ ஒருவருடைய கட்டைவிரல் படத்தில் நடித்துவிடும். ஒரு காட்சி முடியும்வரை நகர்த்துகிறவரை மாற்றாதீர்கள். ஒவ்வொரு கைக்கும் ஒரு நடை உண்டு. நடுவில் மாற்றினால் பாத்திரத்தின் குணமே மாறியதுபோல் தெரியும்.

எப்படி நகர்த்துவது என்பதில்தான் நான் அதிக நேரம் செலவழிப்பேன். பிள்ளைகள் எல்லாவற்றையும் ஒரே அளவில் நகர்த்துவார்கள். உருவம் உயிரில்லாமல் வழுக்கிக்கொண்டு போகும். கிளம்பும் எதுவும் மெதுவாகக் கிளம்பி, வேகம் பிடித்து, மெதுவாக நிற்கவேண்டும். அளவுகோலை வைத்து 2 மி.மீ., 4, 8, 8, 8, 4, 2 என்று நகர்த்திக் காட்டுங்கள். சாதாரண நடையில் ஓர் அடிக்கு அரை விநாடி, அதாவது ஆறு படம். அதைவிட முக்கியம் சும்மா நிற்பது. ஒருவர் அதிர்ச்சி அடைந்தார் என்று பார்ப்பவருக்குப் புரிய, அசையாத ஆறேழு படங்களாவது வேண்டும். 'ஒன்றுமே செய்யாமல் ஏன் படம் எடுக்கவேண்டும்?' என்று கேட்காத குழு கிடையாது. நிறுத்தி ஒருமுறை, நிறுத்தாமல் ஒருமுறை ஓட்டிக் காட்டுங்கள், விளக்கம் தேவைப்படாது.

நடுவில் கேமரா இடிபட்டால் பழைய இடத்துக்கே கொண்டுவர முயலவேண்டாம், அது முடியாது. கோணத்தை நன்றாகவே மாற்றி, உருவத்தின் முகத்தருகே போய்விடுங்கள். பார்ப்பவர்கள் அதை வேண்டுமென்றே வைத்த வெட்டு என்று எடுத்துக்கொள்வார்கள். ஆசிரியரின் கை மட்டும் எங்கும் படக்கூடாது. பிள்ளை வெட்டிய கோணல் மூக்கை இரவில் திருத்திவைக்கும் ஆசிரியர்களைப் பார்த்திருக்கிறேன். மறுநாள் அந்தப் பிள்ளை உருவத்தைத் தொடுவதே இல்லை.

தொகுப்பு சுருக்கமான வேலை. படங்களை வரிசையாக இறக்கி விநாடிக்கு 12 என்று அமைத்து, ஒலியை அடியில் வைத்தால் அட்டவணைப்படி தானே பொருந்தும். இசை வேண்டுமென்றால் பிள்ளைகளே மேசையைத் தட்டிப் போடட்டும். பழைய ராகத்துக்கு உரிமையாளர் இல்லாமல் இருக்கலாம், ஆனால் அதைப் பாடிப் பதிவு செய்தவருக்கு உரிமை இருக்கக்கூடும். வெளியிடுவதற்கு முன் பெற்றோரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். முகம் தெரியாவிட்டாலும் குரல் அடையாளம்தான். பெயர்ப்பட்டியலில் முதற்பெயர் மட்டும் போதும், பள்ளி, வகுப்பு விவரம் வேண்டாம்.

480 படங்களையும் ஒலிக் கோப்புகளையும் அட்டவணையையும் ஒரே கோப்புறையில் போட்டு இரண்டு இடங்களில் வையுங்கள். அடுத்த ஆண்டு வகுப்புக்கு நான் முதலில் காட்டுவது முடிந்த படத்தை அல்ல, அந்தக் கோப்புறையைத்தான்.