விண்டோஸ் கணினியில் காப்புப்பிரதி: எடுப்பதும் மீட்பதும்

காப்புப்பிரதி எடுப்பதைப் பலரும் தள்ளிப்போடுவதற்குக் காரணம், அதை ஒவ்வொரு முறையும் நினைவில் வைத்துத் தாமே செய்ய வேண்டியிருப்பதுதான். விண்டோஸ் 11 இல் உள்ள ஃபைல் ஹிஸ்டரி என்ற தானியங்கிக் காப்புப்பிரதி வசதி அந்தச் சுமையைப் பெருமளவு குறைக்கிறது. அதற்கு ஓர் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் இருந்தால் போதும்.

டிஸ்க்கை இணைத்து, கன்ட்ரோல் பேனலில் ஃபைல் ஹிஸ்டரியைத் திறந்து, 'டர்ன் ஆன்' என்பதை அழுத்துங்கள். அதன்பின் புதிய கோப்புகளையும் மாற்றம் கண்ட கோப்புகளையும் அது மணிக்கொரு முறை நகலெடுக்கும். பழைய பதிப்புகளும் அழியாமல் இருப்பதால், நேற்று தவறாகத் திருத்திச் சேமித்த கணக்கின் முந்தைய வடிவத்தைக்கூட இன்று எடுத்துவிடலாம்.

ஆனால் டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ் போன்ற வழக்கமான ஃபோல்டர்களை மட்டுமே அது தானாகச் சேர்த்துக்கொள்ளும். டி டிரைவில் தனியாக வைத்திருக்கும் குடும்பப் படங்களும் அலுவலகக் கோப்புகளும் விடுபட்டுப்போகும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. அத்தகைய ஃபோல்டரின் மீது ரைட் கிளிக் செய்து, 'ஷோ மோர் ஆப்ஷன்ஸ்' வழியாக 'இன்க்ளூட் இன் லைப்ரரி' என்பதைத் தேர்ந்தெடுத்தால் அதுவும் சேர்ந்துவிடும்.

டிஸ்க்கை எந்நேரமும் இணைத்தே வைத்திருப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். 2017 மே மாதம் உலகெங்கும் பரவிய வான்னாகிரை போன்ற ரேன்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் தீய மென்பொருள்), கணினியோடு இணைந்திருக்கும் டிஸ்க்குகளில் உள்ள கோப்புகளையும் பூட்டிவிடக்கூடியது. மாலையில் இணைத்து, நகலெடுத்து முடிந்ததும் முறையாக எஜெக்ட் செய்து எடுத்து வைப்பது பாதுகாப்பானது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது மீட்டுப் பார்ப்பது. மாதம் ஒருமுறை 'ரீஸ்டோர் பெர்சனல் ஃபைல்ஸ்' என்பதைத் திறந்து, அம்புக்குறிகளால் பழைய தேதி ஒன்றுக்குச் சென்று, ஏதேனும் ஒரு கோப்பின் மீது ரைட் கிளிக் செய்து 'ரீஸ்டோர் டு' மூலம் வேறொரு ஃபோல்டரில் இறக்கித் திறந்து பாருங்கள். பச்சைப் பொத்தானை அழுத்தினால் கோப்பு பழைய இடத்துக்கே போகும் என்பதால், சோதனைக்கு அதைத் தவிர்ப்பது நல்லது.

கணினியே பழுதாகிவிட்டாலும் அஞ்ச வேண்டாம். டிஸ்க்கை வேறொரு விண்டோஸ் கணினியில் இணைத்து, அதிலுள்ள 'ஃபைல்ஹிஸ்டரி' ஃபோல்டரைத் திறந்தால், ஒவ்வொரு கோப்பும் பெயரோடு தேதியும் நேரமும் சேர்ந்தபடி சாதாரணக் கோப்பாகவே இருக்கும். வேண்டியவற்றை அப்படியே நகலெடுத்துக்கொள்ளலாம். அந்த நேரம் இந்திய நேரமன்று, யூடிசி எனப்படும் உலகப் பொது நேரம். ஆகவே எந்தப் பதிப்பு எப்போது சேமிக்கப்பட்டது என்று பார்க்கும்போது ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிக் கொள்ளுங்கள்.